முனவ்வறாவின் வயிறு சபைக்கு வந்த கதை

முனவ்வறாவுக்கு வயிறு கெட்டுப்போனது எந்த வருடம் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. கொரோனாவுக்கு முந்தியே தொடங்கிவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. முதலில் ஊதல். பிறகு புளித்த ஏப்பம். ஒரு கிழமை இறுகிக் கிடக்கும். மறு கிழமை வீட்டை விட்டு அசைய விடாது. கல்முனையில் இரண்டு டொக்டர்களிடம் காட்டினாள். குளிசை தந்தார்கள். குளிசை முடியும்வரை சுகம், முடிந்ததும் பழையபடி. கடைசியாகப் பார்த்தவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி எல்லையில் வந்து நிற்கிறது, கவனமாக இருங்கள் என்றார். எதில் கவனமாக இருப்பது என்று சொல்லவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் அவளுடைய வீடு. புருஷன் ஹாதிக் தோணிகள் கரைக்கு வரும்போது மீன் வாங்கி, பெட்டியில் ஐஸ் போட்டு, ஊரூராகக் கொண்டுபோய் விற்பவன். ஒரே மகள் அஸ்னா உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். முனவ்வறா இடியப்பம் அவிப்பவள். ஊர் அடங்கிக் கிடக்கும்போதே எழும்பி, மாவைக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து இறக்குவாள். சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலால் வெளியே வரும்போது, அவளுடைய இடியப்பம் கல்முனை பஸாரில் றஊபின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். றஊபின் கடைக்கு விடியற்காலையில் கூட்டம் வருவதே அதற்காகத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அடுப்படியில் நின்றால் பசிக்கும். உடைந்த இடியப்பத்தைச் சம்பலில் புரட்டி வாயில் போட்டுக்கொள்வாள். நித்திரை வராமலிருக்கச் சீனி கூட்டி பிளேன்டீ. வேலை முடிந்து விடிந்தபின் படுப்பாள். பகல் சாப்பாடு ஏனோதானோவென்று கழியும். இரவில் இஷாத் தொழுகைக்குப் பிறகு ஹாதிக்கோடு இருந்து வயிறு முட்டச் சோறு தின்பாள். ஒரு நாளில் அந்த ஒரு நேரந்தான் புருஷனும் பெண்சாதியும் முகம் பார்த்துச் சாப்பிடும் நேரம்.

இந்தக் கதைக்குள் அம்ஹா வருவது இங்கேதான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு முனவ்வறாவுக்குக் கலியாணமாகிவிட்டது. அம்ஹா மேலே படித்து, வெளிநாட்டில் பட்டம் எடுத்து, திரும்பிவந்து பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். கார் இருந்தது, மாடிவீடு இருந்தது. ஆனாலும் முனவ்வறாவின் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குத்தான் போவாள். தேங்காய் துருவும் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அதைப் பார்க்கும் போதெல்லாம் முனவ்வறாவுக்கு மனம் குளிர்ந்துவிடும்.

ஒரு நாள் வயிற்றுக் கதை வந்தது. அம்ஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீ என்ன தின்னுறாய் எண்டு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப தின்னுறாய் எண்டு ஆராவது கேட்டாங்களா?"

"இல்ல. ஏன், அதுல என்ன கிடக்கு?"

"எல்லாம் அதுலதான் கிடக்கு புள்ள. மூளைக்குள்ள ஒரு மணிக்கூடு இருக்கு. வெளிச்சத்த வச்சு அது நேரம் பாத்துக்கும். ஈரலுக்கும் குடலுக்கும் வேற மணிக்கூடு. அதுகள் சாப்பாடு வாற நேரத்தையும் பாக்கும். நீ ராவையில தின்னக்குள்ள, மூளை இப்ப ரா எண்டு சொல்லும், குடல் இல்ல இப்ப பகல் எண்டு சொல்லும். ரெண்டுக்கும் சண்டை."

முனவ்வறா சிரித்தாள். அம்ஹா விடவில்லை.

"இன்னும் கேளு. குடலுக்குள்ள கோடி கோடியா சின்னச் சீவன்கள் குடியிருக்கு."

"கிருமியா?"

"அப்பிடிச் சொல்லாத. கிருமி எண்டா ஆக்கள் நோய் எண்டுதான் நினைப்பாங்க. இதுகள் நம்மட சொந்தக் குடியிருப்பாளர். எனக்கிட்டயும் இருக்கு, உன்ட மகளுக்கிட்டயும் இருக்கு. கீரையில, தவிட்டில உள்ள நாரை உடைச்சுத் தாறதே இதுகள்தான். அதுகளுக்கும் ரா பகல் இருக்கு. நாம சாப்பிடுற நேரம் ஒரு கூட்டம் பெருகும். நாம வெறுவயித்தோட கிடக்கிற நேரம் இன்னொரு கூட்டம். மாறி மாறி நடக்கும். அதுகள் விடுற சத்த வச்சு ஈரலும் தன்ட நேரத்தச் சரிபாத்துக்கும். நீ எந்த நேரமும் வாயில எதையாவது போட்டா, அதுகளுக்கு ஓய்ஞ்ச நேரம் எண்டு ஒண்டு இல்லாமப் போயிடும்."

யாரும் தன்னிடம் இவ்வளவு நேரம் ஒதுக்கி, தன் உடம்பைப் பற்றித் தனக்கே விளங்கச் சொன்னதில்லை என்பதுதான் அன்றைக்கு முனவ்வறாவின் மனதில் பெரிதாக நின்றது.

இராவேலை செய்யும் பெண்களின் குடலைப் பற்றித்தான் அம்ஹா அப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அடுத்த முறை வந்தபோது கதையைச் சுற்றிவளைத்துக் கடைசியில் சொன்னாள்: "உன்ட மலம் கொஞ்சம் வேணும்."

முனவ்வறா முக்காட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "சீ, என்ன கதை இது."

"மெய்யாத்தான். பல நாளையில வேற வேற நேரத்துல எடுத்தாத்தான் உள்ளுக்குள்ள உள்ளதுகள் நேரத்துக்கு நேரம் எப்பிடி மாறுது எண்டு தெரியும். உன்ட பேரு ஒரு இடத்திலயும் வராது. நம்பர் மட்டுந்தான். எனக்காகச் செய் புள்ள."

அம்ஹா கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. ஒத்துக்கொண்டாள். நீல மூடி போட்ட குட்டிப் போத்தல்கள் வந்தன. எடுத்ததைக் குளிரில் வைக்க வேண்டும். பின்னேரம் அம்ஹா காரில் வந்து கொண்டுபோவாள். குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாட்டுச் சாமானோடு வைக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் ஹாதிக் எறிந்து வைத்திருந்த பழைய றெஜிபோம் பெட்டி, மீன் வைக்கும் வெள்ளை நுரைப்பெட்டி, ஒன்று கிடந்தது. மூடி வெடித்து, மீனுக்கு ஆகாதென்று கைவிட்டது. அதைக் கழுவி, ஐஸ் போட்டு, போத்தல்களை அதற்குள் வைத்தாள். அதை அம்ஹாவிடம் சொன்னபோது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"ஆருக்கும் சொல்லிராத புள்ள. இவருக்குக் கூடச் சொல்லல்ல."

"சீ, நான் சொல்லுவனா?" என்றாள் அம்ஹா.

ஹாதிக்கிடம் மறைக்க வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நாள் போய்விட்டது.

சில மாதம் கழித்து அம்ஹா கம்பியூட்டரைத் திறந்து கோடுகளைக் காட்டினாள். பகலில் வேலைசெய்து இரவில் படுக்கும் பெண்களின் கோடுகள் ஏறியும் இறங்கியும் போயின. முனவ்வறாவின் கோடு காற்றில்லாத நாளில் களப்புத் தண்ணீர் கிடக்கிற மாதிரித் தட்டையாகக் கிடந்தது. "உன்ட சீவன்களுக்கு ரா பகல் மறந்துபோச்சு," என்றாள் அம்ஹா. வேலையை விடச் சொல்லி அவள் கேட்கவில்லை; விட முடியாதென்று அவளுக்குத் தெரியும். இருட்டில் வேலை செய்யும்போது தண்ணீர் மட்டும் குடி, வெயில் ஏறியபின் முதல் சாப்பாடு, பெரிய சாப்பாடு பகலில், பொழுதுபட மஃரிபுக்கு முந்திக் கடைசிச் சாப்பாடு, இஷா தொழுதவுடன் படுக்கை, ஒவ்வொரு நாளும் அதே மாதிரி என்றாள். "எல்லாருக்கும் இது சரிவருமெண்டு சத்தியம் பண்ண மாட்டன். செய்து பாரு."

செய்து பார்த்தாள். முதல் கிழமைகளில் அடுப்படியில் தலை சுற்றியது. இரவில் ஹாதிக்குக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தாள். "தனியத் தின்ன எனக்கு விருப்பமில்ல," என்று அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். டொக்டர் சொன்னார் என்று பொய் சொன்னாள். மெல்ல மெல்ல ஊதல் அடங்கியது. ஏப்பம் நின்றது. காலையில் வயிறு தானாக இளகியது. இரத்தத்தைத் திரும்பச் சோதித்தபோது சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உம்மா வாப்பாவுக்குத் துஆக் கேட்டபின் அம்ஹாவுக்கும் கேட்டாள். அப்படி அவள் வேறு எந்தக் கூட்டாளிக்கும் கேட்டதில்லை.

ஒரு நாள் ஹாதிக் பகல் சாப்பாட்டுக்கு முந்தியே வீட்டுக்கு வந்துவிட்டான். ஓட்டோவில் மீன் அப்படியே இருந்தது. கையைக் கழுவாமல் குசினி வாசலில் நின்றான்.

"ஐஸ் பெட்டிக்குள்ள என்ன வச்ச நீ?"

அவள் மறந்தே போயிருந்தாள். "எந்தப் பெட்டி?"

"என்ட மீன் பெட்டிக்குள்ள. கரையில எல்லாரும் சிரிக்கிறானுகள். ஹாதிக் காக்கா, கீரிமீனோட வேற என்ன போட்டு விக்கிறீங்க எண்டு கேக்கிறானுகள். அட்டாளைச்சேனையில ஒரு பொம்பிள மீனைக் கையில எடுத்திட்டுத் திருப்பி வச்சிட்டுப் போறா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஒருத்தன் போனைத் திறந்து காட்டினாப் பிறகுதான் விளங்கினது."

அஸ்னா தன் போனில் அதைத் தேடி எடுத்தாள். கல்முனையில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான சுகாதாரக் கூட்டம். பேஸ்புக்கில் நேரடியாகப் போயிருந்தது. மேடையில் அம்ஹா நின்றாள். பின்னால் திரையில் ஒரு குசினியின் படம்: நீலச் சுவர், ஆணியில் தொங்கும் இடியப்ப உரல், அடுக்கிய தட்டுகள். முகம் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு நீலம் அடித்தது ஹாதிக். தோணிக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட் அது.

"சாய்ந்தமருதுல எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறா," என்று அம்ஹா கதைத்தாள். "ராவையில எழும்பி இடியப்பம் அவிச்சு கல்முனைக்கு அனுப்புறவ. அவட குடலுக்குள்ள இருக்கிற கிருமிகளுக்கு ரா எது, பகல் எது எண்டே தெரியாமப் போச்சு." இன்னும் நிறையச் சொன்னாள். அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "பாவம், சாம்பிள எங்க வச்சா தெரியுமா? புருசன்ட மீன் பெட்டிக்குள்ள."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அம்ஹா பேச்சை நிறுத்திக் காத்து நின்றாள். அது வருமென்று தெரிந்து இடம் விட்டவளைப் போல நின்றாள். முனவ்வறாவுக்கு வலித்தது அந்தக் காத்திருப்புத்தான். பழைய பெட்டி என்ற ஒரு சொல்லையாவது சேர்த்திருக்கலாம். கிருமி என்று சொல்லாதே என்று தனக்குச் சொல்லித்தந்தவளே மேடையில் கிருமி என்றாள்.

அஸ்னா போனை அணைத்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு," என்றான் ஹாதிக். "எனக்கு மட்டும் தெரியா. ராவையில தனியச் சோறு தின்ன வச்சதும் அவ சொல்லித்தானா?"

ஓமென்று அவள் தலையை ஆட்டினாள். அவன் வெளியே போய், ஓட்டோவிலிருந்த மீனை இறக்கி, அயலுக்குச் சும்மா கொடுக்கப் பார்த்தான். அயலிலும் ஒரு வீட்டில் வேண்டாமென்றார்கள்.

றஊப் உடனே எதுவும் சொல்லவில்லை. நாளைக்குக் கொஞ்சம் குறைத்து அனுப்புங்கள் என்றார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு போனை எடுக்கவில்லை. முனவ்வறா அபாயாவைப் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பகல் சாப்பாட்டு நேரம், மேசைகள் நிரம்பியிருந்தன.

"றஊப் காக்கா, என்ட இடியப்பத்துல என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல தங்கச்சி." அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க கோவிக்கப்படா. வாற ஆக்கள் கேக்கிறாங்க, வயித்துல கிருமி உள்ள பொம்பிள அவிச்சதா எண்டு. நான் என்ன சொல்லுற?"

"அது எல்லார்ட வயித்துலயும் இருக்கிறதுதான் காக்கா. உங்கட வயித்துலயும் இருக்கு. இஞ்ச சாப்பிடுற எல்லார்ட வயித்துலயும் இருக்கு."

பக்கத்து மேசையில் ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். றஊபின் முகம் மாறியது. "அப்பிடியெல்லாம் இஞ்ச கதைக்காதீங்க. ஆக்கள் சாப்பிடுறாங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

உண்மையைச் சொன்னதால் காரியம் இன்னும் கெட்டுப்போனது என்பது அவளுக்கு அப்போதே விளங்கியது. கொரோனா முடக்கத்தில் பேக்கரியிலிருந்து பாண் வராத நாட்களில் இந்தக் கடை மூடாமல் இருந்ததே அவளுடைய இடியப்பத்தால்தான். றஊபும் அதை மறந்திருக்கமாட்டார். அதனால்தான் கடைசிவரை அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசையையே துடைத்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. அம்ஹாவின் வீட்டுக்குப் போனாள். அம்ஹா கதவைத் திறந்து கட்டிப்பிடிக்க வந்தாள். முனவ்வறா ஒரு அடி பின்னால் போனாள்.

"வீடியோவப் பாத்தன்."

"நானே சொல்ல நினைச்சன் புள்ள. எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா? எத்தின பொம்பிளயள் போன் பண்ணி, ராவையில தின்னுறத நிப்பாட்டிட்டோம் எண்டு சொல்லுறாங்க. எல்லாம் உன்னாலதான்."

"என்ட பேரு வராது எண்டு சொன்னாய்."

"பேரைச் சொல்லல்லயே."

"ராவையில இடியப்பம் அவிச்சு கல்முனைக்கு அனுப்புற ஆள் சாய்ந்தமருதுல எத்தின பேர் அம்ஹா? குசினியையும் காட்டிப்போட்டு, பேரைச் சொல்லல்ல எண்டு சொல்லுறாய்."

அம்ஹா கொஞ்சம் தடுமாறினாள். மெய்யாகவே அதை அவள் யோசித்திருக்கவில்லை போலிருந்தது. யோசிக்காமல் விட்டது யோசித்துச் செய்ததைவிடப் பெரிதாக முனவ்வறாவுக்குப் பட்டது.

"மீன் பெட்டிக் கதைய ஏன் சொன்னாய்?"

"ஆக்கள் நித்திரை கொள்ளாமக் கேக்கணுமெண்டா எங்கயாவது ஒரு இடத்துல சிரிக்க வைக்கணும். நாம ரெண்டு பேரும் சிரிச்சதுதானே."

"நாம ரெண்டு பேரும் சிரிச்சம். அதுதான் நான் சொல்லுறன்."

அம்ஹாவின் கண் கலங்கியது. வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்றாள். இன்னொரு வீடியோ போட்டு, குடலில் இருப்பவை நோய்க்கிருமிகள் இல்லை, எல்லோருக்கும் உள்ளவைதான், அந்தப் பெண்ணின் இடியப்பத்தில் ஒரு பிழையும் இல்லை என்று விளக்கமாகச் சொல்கிறேன் என்றாள்.

"அதுலயும் நான்தானே வருவன்," என்றாள் முனவ்வறா. "ஒண்டும் போட வேணாம். என்னட்ட எடுத்ததெல்லாம் இன்னும் கிடக்கா?"

"கிடக்கு. உறைய வச்சிருக்கம். அடுத்த ஆய்வுக்கும் தேவை."

"எனக்குத் திருப்பித் தா. நான் இனி அதுல இல்ல."

எரித்துவிடுகிறோம், திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று அம்ஹா சொல்லிப் பார்த்தாள். முனவ்வறா வாசலிலேயே நின்றாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அம்ஹா காரில் வந்தாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரச் சொல்வார்களா என்று நின்று பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. கார் போனபின் ஹாதிக் மண்வெட்டியை எடுத்துவந்தான். கேட்காமலேயே வளவின் மூலையில் மணலைத் தோண்டினான். நீல மூடிப் போத்தல்கள் வெள்ளை பூத்துக் குளிர்ந்து கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து குழிக்குள் கொட்டினாள். அவன் முகத்தைச் சுளிக்கவில்லை.

"ஆழமாத் தோண்டினீங்களா?"

"ஓம். நாய் கிளறாது."

மண்ணை மூடி மிதித்தபின் சொன்னான்: "என்னட்டச் சொல்லியிருந்தா நல்ல பெட்டி ஒண்டு தந்திருப்பன்." அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

ஆனால் கோபம் வேறு வழியிலும் வேலை செய்தது. தான் எப்போது தின்ன வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதெல்லாம் அம்ஹா வகுத்துத் தந்தது என்று நினைத்தபோது முனவ்வறாவுக்கு அதில் ஒரு வாய் இறங்க மறுத்தது. வேண்டுமென்றே பழையபடி தின்னத் தொடங்கினாள். இரவில் ஹாதிக்கோடு இருந்து சோறு. அடுப்படியில் உடைந்த இடியப்பம், சீனித் தேத்தண்ணி. ஹாதிக்குக்குச் சந்தோசம். முதல் இரண்டொரு நாள் அவளுக்கும் சந்தோசந்தான். அந்தக் கிழமை முடிவதற்குள் ஊதல் வந்துவிட்டது. பிறகு ஏப்பம். பிறகு மற்றதெல்லாம். ஊரும் றஊபும் கைவிட்டது போதாதென்று, அவளுடைய சொந்த வயிறும் அம்ஹாவின் பக்கம் போய் நின்றுகொண்டது. அதை மட்டும் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் வயிற்றுக்கே விட்டுக்கொடுத்தாள். இருட்டில் தண்ணீர் மட்டும், வெயில் ஏறியபின் சாப்பாடு. ஹாதிக் யோசித்து ஒரு வழி சொன்னான்: அவன் ஓட்டத்தைக் கொஞ்சம் முந்தி முடித்துக்கொண்டு, பின்னேரம் அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது. கடைசித் தெருக்களுக்குப் போகாததால் மிஞ்சிய மீன் வீட்டுக்கு வந்தது. ஆனாலும் முகம் பார்த்துச் சாப்பிடும் நேரம் திரும்பக் கிடைத்தது.

பாண்டிருப்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கார அம்மா இடியப்பம் எடுக்க ஒத்துக்கொண்டார். வீடியோவை அவரும் பார்த்திருந்தார். "என்ட புருசனுக்கு ராக்காவல் வோச்சர் வேலை, அவருக்கும் இந்தக் கரைச்சல்தான் பிள்ள," என்று சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை. றஊப் எடுத்த அளவுக்கு அங்கே போகாது. முனவ்வறா இப்போது கொஞ்சம் பிந்தியே எழும்புகிறாள். றஊபின் கடையைத் தாண்டி பஸ் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வாள்.

போன மாதம் மருதமுனையில் ஒரு கலியாணம். பெண்ணுடைய உம்மாவும் அதே வகுப்பில் படித்தவள். பெண்கள் பக்கத்தில், ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் வைத்தார்கள். முனவ்வறா உட்கார்ந்தபின் எதிரே வந்து இருந்தது அம்ஹா. எழும்பிப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். அம்ஹா மெலிந்திருந்தாள். சலாம் சொன்னாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் முனவ்வறா.

"வயிறு இப்ப எப்பிடி?"

மற்றப் பெண்கள் இறைச்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கையை நிறுத்திவிட்டு, பதில் என்ன வருகிறதென்று பார்த்தாள். முனவ்வறா தன் பக்கத்துச் சோற்றை அளைந்து ஒரு பிடி எடுத்தாள். நல்ல பகல் நேரம், நல்ல பசி.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் அம்ஹாவை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.